சொன்ன சொல் தவறாத புதிர்

"தகுதிக்குக் கதவு உடையும் (3)." இதைப் படித்துவிட்டுத் தச்சரைத் தேட வேண்டாம். தேட வேண்டிய சொல்லின் பொருள் 'தகுதி'. 'உடையும்' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. கலைக்க வேண்டியது 'கதவு'. முதல் இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றினால் 'தகவு' வந்து நிற்கும். கிரிப்டிக் குறுக்கெழுத்தில் பெரும்பாலான குறிப்புகள் இப்படித்தான் அமைகின்றன. ஒரு முனையில் பொருள் இருக்கும். மறுமுனையில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி இருக்கும். இரண்டும் ஒரே விடையில் வந்து முட்டினால், சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேலே தெரியும் வாசகம் ஏமாற்றும், உள்ளே இருக்கும் கணக்கு ஏமாற்றாது.

இந்த நாணயம் குறுக்கெழுத்தோடு கூடவே பிறந்ததல்ல. புதிர் போடுபவர்களும் விடுவிப்பவர்களும் பல்லாண்டுகள் எழுதியும் வாதாடியும் அதைக் கட்டி எழுப்பினார்கள்.

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். அதிலிருந்தவை நேரான குறிப்புகள். பொருள் தெரிந்தால் விடை தெரியும், அவ்வளவுதான். 1924-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் முதல் நூலாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பைப் பென்சிலோடு விற்றபோது அமெரிக்கா முழுக்க மோகம் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு இதைப் பாவகரமான நேர விரயம் என்று கண்டித்த 'நியூயார்க் டைம்ஸ்', 1942-இல்தான் மனம் மாறித் தானும் வெளியிடத் தொடங்கியது.

மோகம் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்ததும் குணம் மாறியது. மாற்றியவர்களில் முதன்மையானவர் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஸ்பெயின் நாட்டில் மதவிசாரணை என்ற பெயரில் மக்களை வதைத்த டோர்குமாதாவின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு, 1926 முதல் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் புதிர்களை அமைத்தார். நேர்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிலேடை, எழுத்துமாற்று, இலக்கியக் குறிப்பு என்று புகுந்து விளையாடினார். குறிப்புகளையே செய்யுளாக எழுதிய புதிர்களும் உண்டு. அவர் மேதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய குறிப்பு எதை நோக்கிப் போகிறது என்பதைச் சில வேளை அவர் மட்டுமே அறிவார். விடை கிடைத்த பிறகும் 'ஏன் இது விடை?' என்ற கேள்வி வாசகர் மனத்தில் நின்றுவிடும்.

லண்டன் 'டைம்ஸ்' 1930 பிப்ரவரி 1 அன்று தன் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டது. அமைத்தவர் ஏட்ரியன் பெல் என்ற எழுத்தாளர், சஃபோக்கில் நிலம் உழுதவர். அதுவரை ஒரு குறுக்கெழுத்தைக்கூட அமைத்திராத அவர், பிறகு ஏறத்தாழ 5,000 புதிர்களை அமைத்தார். தினசரிப் புதிருக்கு ஒரு நிதானத்தைக் கொடுத்தவர்களில் அவருக்கு இடமுண்டு.

மேதர்ஸ் 1939-இல் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் டெரிக் மெக்நட். கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். அவரும் ஒரு விசாரணைத் தலைவரின் பெயரையே எடுத்துக்கொண்டார்: ஷிமெனிஸ். ஆனால் வதைப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. துல்லியமான நேர்பொருள், நியாயமான சொற்கட்டு, இவை இரண்டைத் தவிரக் குறிப்பில் ஒரு சொல்கூட மிகையாக இருக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கட்டத்திலும் அதே கறார்தான்: குறுக்கும் நெடுக்குமாகச் சரிபார்க்க முடியாத எழுத்துகள் ஒரு சொல்லில் இத்தனைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார். 1966-இல் இந்த இலக்கணத்தைப் புத்தகமாகவே எழுதினார். விடையை மறைக்கலாம், வழியை மறைக்கக்கூடாது என்று அவர் கொள்கையைச் சுருக்கிச் சொல்லலாம்.

தனி ஒருவரின் கறாரால் மட்டும் அந்த இலக்கணம் நிலைபெறவில்லை. ஷிமெனிஸ் வாசகர்களுக்கும் வேலை கொடுத்தார். ஒரு சொல்லைத் தந்து, அதற்குக் குறிப்பு எழுதி அனுப்பச் சொல்வார். வந்து குவிந்தவற்றில் சிறந்தவற்றை அச்சிட்டு, எது ஏன் வென்றது, எது எந்த இடத்தில் சறுக்கியது என்று விளக்கும் சிறு தாள் ஒன்றைப் போட்டியாளர்களுக்கு அனுப்பினார். 'ஸ்லிப்' என்று அதற்குப் பெயர். ஒரு சிறு சொல் இடறினாலும் அதில் தீர்ப்பு வரும். விடுவிப்பவர் எழுதுபவராகி, தன் குறிப்பு நிராகரிக்கப்பட்ட காரணத்தைப் படித்து, அடுத்த மாதம் திருந்தி எழுதினார். இலக்கண உரைகாரர்கள் ஒருவரையொருவர் மறுத்து எழுதிய நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சூழல் புதிதாகத் தோன்றாது.

ஷிமெனிஸ் 1971-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜானதன் கிரௌதர் பொறுப்பேற்றார். டேசா (Deza) என்ற விசாரணைத் தலைவரின் பெயரைத் தலைகீழாக்கி 'ஏசெட்' (Azed) ஆனார். ஆங்கில அரிச்சுவடியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதே பெயரில் அடங்கிவிட்டன. ஸ்லிப்பையும் போட்டியையும் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அந்தப் போட்டிகளில் அடிக்கடி வென்ற மூவர் காலின் டெக்ஸ்டர், லாயிட்ஸ் வங்கியின் தலைவராக இருந்த ஜெரமி மோர்ஸ், லூயிஸ் என்ற புனைபெயரில் போட்டியிட்ட ஒரு பெண்மணி. 1975-இல் வெளிவந்த தன் முதல் துப்பறியும் நாவலில், டெக்ஸ்டர் துப்பறிவாளருக்கு மோர்ஸ் என்றும் அவருடைய உதவியாளருக்கு லூயிஸ் என்றும் பெயர் வைத்தார். தன்னோடு மோதியவர்களுக்கு ஒரு புதிர்க்காரர் செய்த மரியாதை அது.

சென்னைக்கு இந்தக் கலை வேரூன்ற வந்தது 1971-இல். 'தி இந்து' தனக்கென ஒரு தினசரிக் குறுக்கெழுத்தை அந்த ஆண்டு தொடங்கியது. அமைத்தவர் யார் என்பதுதான் வியப்பு: ஓய்வு பெற்ற அட்மிரல் ராம் தாஸ் கடாரி. செங்கல்பட்டில் 1911-இல் பிறந்தவர்; 'டஃபரின்' பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் பயின்றவர்; 1958-இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1961-இல் கோவாவில் படை நடவடிக்கை நடந்தபோதும் அவரே கடற்படைத் தலைமைத் தளபதி. பிறகு பர்மாவில் தூதராகவும் இருந்தார். அப்படிப்பட்டவர், 1983-இல் இறக்கும்வரை, சென்னை வாசகர்கள் காலையில் காபியோடு மல்லுக்கட்டிய கட்டங்களை அமைத்துக்கொண்டிருந்தார். கடாரியின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது தகாது. ஓய்வுக்கால வேலை என்றாலும், ஒரு நகரத்துக்கு அவர் புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். விடை மறுநாள் காலையில்தான் வரும். அதுவரை விடுபட்ட கட்டங்களை அடுத்த மேசைக்காரரிடமோ ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடமோ கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

இங்கிலாந்திலேயே எல்லோரும் ஷிமெனிஸின் சட்டத்துக்கு அடங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. 'கார்டியன்' நாளிதழில் 1958 முதல் புதிர் அமைத்த ஜான் கிரஹாம், 'அராகேரியா' என்ற புனைபெயர் பூண்ட பாதிரியார், சட்டத்தை வளைத்துக்கொண்டே வாசகரின் அன்பைச் சம்பாதித்தவர். மணமுறிவால் திருச்சபைப் பணியை இழந்த காலத்தில் அவருக்குச் சோறு போட்டது இந்தக் கட்டங்கள்தான். 2013 ஜனவரியில், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதை அவர் குறுக்கெழுத்தின் விடைகளாகவே அமைத்து வாசகருக்குத் தெரிவித்தார். ஒவ்வொரு விடையாக நிரப்பியவர்கள், நிரப்பி முடிக்கும்போது செய்தியைப் புரிந்துகொண்டார்கள். அந்த நவம்பரில் அவர் காலமானார்.

தமிழிலும் கிரிப்டிக் வந்திருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் அதற்குச் சான்று. தண்டியலங்காரம் பட்டியலிடும் சித்திரகவிகளில் ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளும், எழுத்தை நீக்க நீக்க வேறு சொல் பிறக்கும் அக்கரச்சுதகமும் இருக்கின்றன. ஆகவே கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 'கொடு மானை, குளத்தில் பூக்கும் (3)' என்றால் 'தா', 'மரை' என்னும் மான் இரண்டும் சேர்ந்து தாமரை.

ஆனால் ஆங்கிலத்தில் எழாத வழக்குகள் தமிழில் எழும். 'பூ' என்பதையும் 'செடி' என்பதையும் சேர்த்தால் நடுவே 'ச்' முளைக்கிறது. குறிப்பில் அதற்கு ஒரு சொல் செலவிட வேண்டுமா, சந்தி இலக்கணம் தெரிந்த வாசகருக்கு விட்டுவிடலாமா? 'வை' என்ற உயிர்மெய்யை ஒரே கட்டமாகக் கொள்வதால் 'கவலை' கலைந்து 'கலவை' ஆகாது. மெய்யையும் உயிரையும் தனித்தனியாகப் பிரித்துக் கலைக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் என்ன பதில் சொல்வது? ஷிமெனிஸின் புத்தகத்தில் இதற்கெல்லாம் தீர்ப்பு கிடைக்காது. தமிழில் புதிர் அமைப்பவர்களும் விடுவிப்பவர்களும் தங்களுக்கென்று ஒரு ஸ்லிப்பை வைத்துக்கொண்டு, மாதாமாதம் இதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.