மிஸ்டர் சாண்ட்ஸ்

மிஸ்டர் சாண்ட்ஸ் என்பது பிரிட்டனின் நாடக அரங்குகளிலும் பழைய திரையரங்குகளிலும் பார்வையாளர்கள் பதறி ஓடாதபடி ஊழியர்கள் தங்களுக்குள் தீ விபத்தை அறிவிக்கப் பயன்படுத்திய மறைமொழி. ‘மிஸ்டர் சாண்ட்ஸ் முன்கூடத்தில் இருக்கிறார்’ என்று அறிவித்தால், அங்கே தீ என்று பொருள். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளிலிருந்து வந்த பெயர் இது.

அந்தப் பழைய திரையரங்குகளில் ஓடிய படச்சுருள் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. பிரிட்டனின் 1909 சினிமாட்டோகிராப் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், படம் காட்டும் கருவியைத் தீத்தாங்கும் தனி அறைக்குள் அடைத்தன.

ஆனால் தீயைவிட நெரிசலே பல இடங்களில் அதிக உயிர்களைக் குடித்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1929 டிசம்பர் 31 அன்று கிளென் சினிமா என்ற திரையரங்கில் சிறுவர்களுக்கான பகல் காட்சி. ஓட்டி முடித்த படச்சுருள் ஒன்று தகரப் பெட்டிக்குள்ளேயே புகையத் தொடங்கியது. புகை அரங்கில் பரவியதும் பிள்ளைகள் மேடைப்பக்க வாசலை நோக்கி ஓடினார்கள். அங்கிருந்த இரும்பு மடிப்புக் கதவு மூடிக் கிடந்தது. முன்னால் விழுந்தவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் விழ, 71 குழந்தைகள் இறந்தனர். அவர்களில் ஒருவரையும் தீ தொடவில்லை.

அமெரிக்க சர்க்கஸ்களில் ஊழியர்களை மறைமுகமாக எச்சரிக்கும் வேலையை இசைக்குழு செய்தது. 1944 ஜூலை 6 அன்று ஹார்ட்ஃபோர்டில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியபோது, ஜான் பிலிப் சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ அணிவகுப்பு இசைதான் ஊழியர்களுக்கான எச்சரிக்கை. 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மறைமொழி ஊழியர்களுக்குச் சில நிமிடங்களை வாங்கித் தரும், அவ்வளவே. திறந்த வாசலுக்கு அது ஈடாகாது. ஆனாலும் லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் ‘இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ்’ என்ற பெயரில் இதே அறிவிப்பு பிற்காலத்திலும் ஒலித்தது.