மலை மிதிவண்டி ஓட்டம் (கொங்கு நாடு)

மலை மிதிவண்டி ஓட்டம் என்பது கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான மலைத்தடங்களில், அதற்கென உருவாக்கப்பட்ட மிதிவண்டியில் ஏறி இறங்கும் விளையாட்டு ஆகும். பேச்சு வழக்கில் இது எம்டிபி எனப்படுகின்றது. தமிழ்நாட்டில் இவ்விளையாட்டிற்கு மிகவும் ஏற்ற நில அமைப்புடைய பகுதிகளுள் கொங்கு நாடும் ஒன்று. ஆயினும் அம்மலைகளின் பெரும்பகுதி காப்புக்காடாகவும் யானைகளின் வாழிடமாகவும் உள்ளது. ஆகையால் இங்கு மலை மிதிவண்டி ஓட்டம் பெரும்பாலும் தார்ச்சாலை ஏற்றங்களிலும் அடிவார மண்பாதைகளிலுமே நடைபெறுகின்றது.

நில அமைப்பு

கோயம்புத்தூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. வடமேற்கே நீலகிரி மலையின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. மேற்கே வெள்ளியங்கிரியும் தெற்கே ஆனைமலையும் உள்ளன. இடையே பாலக்காட்டுக் கணவாய் அமைந்துள்ளது. சமவெளியிலிருந்து மலை திடீரென எழுவதால் ஏற்றங்கள் நீண்டவையாகவும் இடைவிடாதவையாகவும் இருக்கின்றன.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் செல்லும் பாதை 1820களில் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பே பழங்குடியினரின் ஒற்றையடிப் பாதைகள் இம்மலைகளில் இருந்தன. மலை மிதிவண்டி ஓட்டுநர் நாடுவது உண்மையில் இத்தகைய ஒற்றையடிப் பாதைகளையே.

பாதைகள்

கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டே இங்குள்ள சாலைகள் அறியப்படுகின்றன. ஆழியாறு - வால்பாறை சாலையில் 40, வெள்ளியங்காட்டிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூர் செல்லும் சாலையில் 43, திம்பத்தில் 27, உதகமண்டலம் - மசினகுடி இடையிலான கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள் உள்ளன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இவை 70. இவற்றுள் கல்லட்டியே மிகக் கடினமானது எனலாம். 2008இல் தொடங்கப்பட்ட 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் பலநாள் மிதிவண்டிப் பயணத்தால் இவ்வேற்றம் பெயர் பெற்றது. அது சாலை மிதிவண்டிகளுக்கான பயணம் என்பதை நினைவிற்கொள்க.

சமவெளியில் பயிற்சிக்கு உகந்தவை இட்டேரிகள் ஆகும். இரு தோட்டங்களின் வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டிப்பாதையைக் கொங்கு வழக்கில் இட்டேரி என்பர். புழுதி, உருளைக்கல், மழைநீர் அரித்த குழி ஆகிய மூன்றும் இதில் கிடைக்கும். பாறைக் குன்றுகளாகிய கரடுகளும் சிறந்த களங்களே. ஆனால் அவற்றில் பல வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளன. நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இப்பகுதி ஓட்டுநரின் அன்றாடப் பகைவர்கள். இதனால் பலர் டியூப் இல்லாத டயரில் முள்துளையை அடைக்கும் திரவத்தை ஊற்றிப் பயன்படுத்துகின்றனர்.

மிதிவண்டியும் நுட்பமும்

இவ்விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவானது. ஃபேர்ஃபாக்ஸ் நகரை அடுத்த மலைச்சரிவில், ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்கும் மண்பாதையில், 1976 முதல் 'ரீபேக்' என்னும் போட்டி நடத்தப்பட்டது. பழைய மிதிவண்டிகளின் பின்சக்கர பிரேக் இறக்கத்தில் சூடாகி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் கிரீசை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததே அப்பெயருக்குக் காரணம். முதல் உலகப் போட்டி 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது.

நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும் சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை. பிரேக்கை இடைவிடாது பிடித்துக்கொண்டு இறங்குவது தவறு. வளைவிற்கு முன் அழுத்தி விரைவைக் குறைத்துப் பின் விட்டுவிட வேண்டும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிற்கு உரியது. அதை அழுத்தும்போது உடலைப் பின்னோக்கித் தாழ்த்தாவிடில் ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார்.

ஏற்றத்திற்குத் தேவை சிறிய கியர். கல்லாறு - குன்னூர் மலை இரயில் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயர்கின்றது. அதில் இரயில் ஏறுவதற்குப் பல்தண்டவாளம் தேவைப்படுகின்றது. அதே சரிவில் கியர் உள்ள மிதிவண்டியை ஒருவர் தம் கால் வலிமையால் ஏற்ற இயலும். இந்தியச் சந்தையில் எம்டிபி என்ற பெயரில் கியர் இல்லாத, தடித்த டயர் மட்டும் கொண்ட வண்டிகளும் விற்கப்படுகின்றன. அவை தோற்றத்தில் மட்டுமே மலை மிதிவண்டிகள், மலைக்கு ஆகா.

யானையும் சட்டமும்

மலையேறுவோர் பேசிக்கொண்டு நடப்பதால் யானை முன்கூட்டியே விலகிச் செல்ல வாய்ப்புண்டு. மிதிவண்டியோ ஓசையின்றி, விரைவாக, வளைவில் திடீரெனத் தோன்றும். யானை மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான விரைவில் செல்ல வல்லது. செங்குத்தான ஏற்றத்தில் மிதிவண்டி 10 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆனைகட்டி, தடாகம், மதுக்கரை போன்ற அடிவாரப் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு. எனவே அதிகாலையிலும் மாலையிலும் அங்கு ஓட்டுதல் உயிருக்கு ஆபத்தானது.

இசைவின்றிக் காப்புக்காட்டில் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். ஆனைமலை, முதுமலை (2007), சத்தியமங்கலம் (2013) ஆகிய புலிகள் காப்பகங்களில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மலையேற்றத்திற்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்தது. அத்திட்டம் நடந்து செல்வோருக்கானது.

போட்டிகள்

இந்தியாவில் இவ்விளையாட்டு இமயமலைப் பகுதியிலேயே முதலில் வேரூன்றியது. தெற்கே, கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. அதற்கான தடம் தேயிலைத் தோட்டப் பகுதியில் அமைக்கப்பட்டது. அடர்காட்டைத் தொடாமல் தோட்ட நிலத்தைப் பயன்படுத்தும் இம்முறை கொங்குப் பகுதிக்கும் கருதத்தக்கது. எனினும் வால்பாறைத் தோட்டங்களைப் பொன்முடியோடு அப்படியே ஒப்பிட இயலாது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ அமைந்த இத்தோட்டங்களின் ஊடே யானைக் கூட்டங்கள் கடந்து செல்கின்றன. யானை அருகில் இருப்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு உணர்த்தக் குறுஞ்செய்திகளும், கைப்பேசி வழியே ஏற்றப்படும் சிவப்பு விளக்குகளும் இங்குப் பயன்பாட்டிற்கு வந்துள்ளன.