பச்சை எங்கே தங்குகிறது?

பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்தபின் வடஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் ஆஸ்டின் டவுன் வட்டாரத்தில் இன்றும் ஏராளம். அவர்களுடைய முன்னோர் விட்டுவந்த ஊர்களில் பெண்கள் கையில் பச்சை குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது; குத்தியவர்கள் ஊர் ஊராகப் போன குறத்திகள். அந்த மையின் பக்குவத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் காணலாம். மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டினால் கருவி தயார். மை கறுப்புதான், தோலுக்கடியில் போனபின் ஒளி சிதறுவதால் நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. வழக்கத்தின் பெயரே அந்த நிறத்திலிருந்து வந்தது.

மையை விட, ஊசி இறங்கும் ஆழமே இந்தத் தொழிலின் உயிர் என்பது என் முடிவு. மேல்தோலின் செல்கள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை ஏறி வருகின்றன. கரி அங்கே நின்றால் அதுவும் உதிர்ந்துபோகும். மிகவும் ஆழமாகப் போனால் ரத்தம் கொட்டும், கோடு பரவும். இரண்டுக்கும் நடுவே, உள்தோலில் நிறுத்தத் தெரிந்த கைதான் தேர்ந்த கை. செல் என்ற சொல்லையே அறியாதவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தங்கிய கோட்டையும் தங்காத கோட்டையும் ஆயிரம் கைகளில் பார்த்தவர்களுக்கு அதுவே போதிய படிப்பு.

உள்தோலின் செல்களும் சாகின்றனவே, பச்சை மட்டும் எப்படி நிலைக்கிறது என்ற கேள்வி இன்னும் கனமானது. கரியை விழுங்கிய மேக்ரோபேஜ் செல்கள் நெடுநாள் வாழ்வதே காரணம் என்று வெகுகாலம் கருதினார்கள். 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் பச்சை குத்திய எலிகளில் அந்தச் செல்களை வேண்டுமென்றே அழித்துப் பார்த்தார்கள். பச்சை மங்கவில்லை. செத்த செல் விட்ட நிறத்தை, அந்த இடத்துக்குப் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொண்டது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தலாமா? முழுக்க முடியாது, நம் தோலில் வேறு செல்களும் நிறத்தைத் தாங்குகின்றன. ஆனாலும் வயதான கைகளைப் பார்த்தால் இந்தக் கைமாற்றம் பொருந்தியே வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி விலகுகிறது, கொஞ்சம் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. பருவத்தில் தனித்தனிப் புள்ளியாக இருந்த கோலம், எழுபது வயதில் ஒன்றோடொன்று கலந்த மங்கல் கறையாக முன்கையில் கிடக்கிறது.