தமிழ்க் கல்வியில் சிற்றிலக்கியங்கள்

தமிழ்க் கல்வியில் சிற்றிலக்கியங்கள் என்னும் இக்கட்டுரை உலா, தூது, பரணி, பிள்ளைத்தமிழ், பள்ளு, குறவஞ்சி முதலிய இலக்கிய வகைகள் தமிழ் கற்பித்தலில் பெற்றுவந்த இடத்தைக் கூறுகின்றது. 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ் கற்றல் என்பது பெரும்பாலும் இவ்வகை நூல்களைக் கற்றலாகவே இருந்தது. இன்று பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்களில் இவை ஓர் அலகாக அமைந்துள்ளன. முன்பு மாணவர் தாமும் அவ்வாறு பாடுவதற்காக இவ்வகைகளைக் கற்றனர்; இன்று அவற்றை இனங்காண்பதற்காகக் கற்கின்றனர். இம்மாற்றமே சிற்றிலக்கியக் கல்வியின் வரலாற்றில் முதன்மையானது ஆகும்.

## பெயரும் வரையறையும்

இவ்வகை நூல்கள் முற்காலத்தில் பிரபந்தம் என்னும் வடசொல்லால் வழங்கப்பட்டன. பிரபந்தம் என்பதற்கு நன்கு கட்டப்பட்டது என்பது பொருள். சிற்றிலக்கியம் என்னும் பெயர் 20 ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றதாகும்.

பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் வரையறை, அறம், பொருள், இன்பம், வீடு ஆகிய நான்கு உறுதிப்பொருள்களையும் தருவது பேரிலக்கியம், அவற்றுள் ஒன்றோ சிலவோ குறைந்து வருவது சிற்றிலக்கியம் என்பதாகும். இது தண்டியலங்காரம் காப்பியத்திற்குக் கூறும் இலக்கணத்தை அடியொற்றியது. இங்கு "சிறுமை" என்பது அளவைக் குறிப்பதன்று. கோவை நூல் ஒன்று நானூறு பாடல்களைக் கொண்டிருக்கும். பிரபந்த மரபியல் தரும் பட்டியலின் இறுதியில் நிற்பதோ அளவில் மிகப் பெரியதான புராணம் ஆகும்.

## பாட்டியல் நூல்கள்

சிற்றிலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் நூல்கள் பாட்டியல் எனப்படும். அவற்றுள் சில வருமாறு:

* பன்னிரு பாட்டியல்
* வெண்பாப் பாட்டியல் (வச்சணந்தி மாலை எனவும் வழங்கும், ஆசிரியர் குணவீர பண்டிதர்)
* நவநீதப் பாட்டியல்
* சிதம்பரப் பாட்டியல்
* இலக்கண விளக்கப் பாட்டியல்
* பிரபந்த மரபியல்

பிரபந்தங்கள் 96 வகைப்படும் என்பது மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. பிரபந்த மரபியல் இத்தொகையைக் கூறுகின்றது. வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியிலும் 96 வகைகளின் பட்டியல் உள்ளது. எனினும் எல்லாப் பாட்டியல் நூல்களும் இத்தொகையைக் கூறுவதில்லை. அவை கூறும் வகைகளும் இலக்கணங்களும் ஒன்றோடொன்று முழுவதும் ஒத்திருப்பதும் இல்லை. எடுத்துக்காட்டாக, போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பாடப்படுவது பரணி என்பது பரவலாக அறியப்பட்ட இலக்கணம். பன்னிரு பாட்டியலோ எழுநூறு யானைகள் என்கின்றது. ஆகவே 96 என்பதை மரபு வகுத்துக்கொண்ட ஒரு தொகையாகக் கொள்வதே பொருத்தமாகும்.

## மரபுவழிக் கல்வியில்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியுடன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி போன்ற நீதிநூல்கள் கற்பிக்கப்பட்டன. அவற்றை அடுத்து அறப்பளீசுர சதகம், குமரேச சதகம் முதலிய சதகங்களும், மாலை, அந்தாதி போன்றனவும் நிகண்டும் பயிற்றப்பட்டன. மேலும் கற்க விரும்பியவர் ஒரு புலவரை அடுத்து, அவரிடம் பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா, தலபுராணம் ஆகியவற்றைப் பாடங் கேட்டனர்.

இம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஆவார். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் உள்ளிட்ட பல பிரபந்தங்களையும் தலபுராணங்களையும் அவர் இயற்றினார். அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினர். ஒரு நூல் உருவாவதை உடனிருந்து காண்பதே அங்குக் கல்வியாக இருந்தது. அந்தாதி கற்ற மாணவர் அந்தாதி பாடவும் முயன்றார். நூல் அரங்கேறும் இடமாகக் கோயிலும், ஆதரவு தரும் நிலையங்களாகத் திருமடங்களும் செல்வர் இல்லங்களும் இருந்தன. இச்சூழலில் இலக்கிய வகை பற்றிய அறிவு புலவருக்குத் தொழிலறிவாகவே இருந்தது.

## 1880 ஆம் ஆண்டுச் சந்திப்பு

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான உ. வே. சாமிநாதையர் 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றைச் சாமிநாதையர் வரிசைப்படுத்திக் கூறியபோது முதலியார் அவற்றைப் பெரிதாகக் கொள்ளவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர்ச் சீவக சிந்தாமணியின் படியொன்றையும் கொடுத்தார். இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையர் தம் தன்வரலாறாகிய "என் சரித்திரம்" நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இதன் பயனாகச் சீவக சிந்தாமணி 1887 ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889 ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894 ஆம் ஆண்டிலும் அச்சேறின. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். சங்க நூல்களும் காப்பியங்களும் கிடைக்கப்பெற்றதும், தமிழிலக்கியத்தின் தொன்மை வெளிப்பட்டது. பாடத்திட்டத்தின் மையமும் அவற்றை நோக்கி நகர்ந்தது. அதுவரை தமிழ்க் கல்வியின் பெரும்பகுதியாக இருந்த பிரபந்தங்கள் பிற்காலத்தன, மிகையான புனைவு உடையன என்ற கருத்தும் பரவியது.

எனினும் சாமிநாதையர் தாம் கற்றவற்றைக் கைவிடவில்லை. உலா, தூது, கோவை முதலிய பல பிரபந்தங்களையும் அவர் பதிப்பித்தார். இன்று பள்ளிப் பாடங்களில் இடம்பெறும் தமிழ்விடு தூது 1930 ஆம் ஆண்டில் அவரால் வெளியிடப்பட்டதாகும்.

## பாடத்திட்டங்களில்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் சிற்றிலக்கியங்கள் செய்யுட் பகுதியில் சில பாடல்களாக இடம்பெறுகின்றன. பாடலுடன் நூற்குறிப்பும் ஆசிரியர் குறிப்பும் வகையின் இலக்கணமும் சுருக்கமாகத் தரப்படும்.

பல கல்லூரிகளில் பிற துறை மாணவர் பயிலும் பொதுத்தமிழில், தற்கால இலக்கியம் தொடங்கிச் சங்க இலக்கியம் வரை பின்னோக்கிச் செல்லும் அமைப்புக் காணப்படுகின்றது. இதில் சிற்றிலக்கியம் பெரும்பாலும் பக்தி இலக்கியத்துடன் சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றது. தமிழ் இளங்கலை, முதுகலை வகுப்புகளில் இலக்கிய வரலாற்றின் பகுதியாகவும் தனித்தாளாகவும் இது பயிலப்படுகின்றது.

## பாடமாகும் முதன்மை வகைகள்

* அந்தாதி - ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக வருவது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி தொன்மையானது.
* உலா - தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரையான ஏழு பருவப் பெண்கள் அவனைக் கண்டு காதல் கொள்வதாகக் கலிவெண்பாவில் பாடுவது. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா முதல் உலாவாகும்.
* கலம்பகம் - பலவகைப் பாக்களும் பதினெட்டு உறுப்புகளும் கலந்து வருவது. மூன்றாம் நந்திவர்மன்மேல் பாடப்பட்ட நந்திக் கலம்பகம் இதற்கு எடுத்துக்காட்டு.
* பரணி - போர்க்கள வெற்றியைப் பாடுவது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார்.
* பிள்ளைத்தமிழ் - இறைவனையோ தலைவரையோ குழந்தையாகக் கொண்டு பத்துப் பருவங்களில் பாடுவது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழும் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் குறிப்பிடத்தக்கன.
* தூது - பிரிவுற்றவர் நெஞ்சு, கிளி, முகில் போன்றவற்றைத் தூது விடுவதாகப் பாடுவது. தமிழ்விடு தூதில் மதுரைச் சொக்கநாதரிடம் தமிழ்மொழியே தூதாகச் செல்கின்றது.
* பள்ளு - உழவரின் வாழ்க்கையைப் பாடுவது. முக்கூடற்பள்ளு புகழ்பெற்றது.
* குறவஞ்சி - குறத்தி குறி சொல்வதை மையமாகக் கொண்ட நாடகப் பாங்கான நூல். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி இன்றும் நாட்டியமாக ஆடப்படுகின்றது.

## இலக்கணமும் இலக்கியமும்

தேர்வு நோக்கில் ஏழு பருவப் பெண்களின் வயது வரம்பு, பிள்ளைத்தமிழின் பருவப் பெயர்கள், கலம்பக உறுப்புகள் ஆகியன மனனம் செய்யப்படுகின்றன. இவை தேவையானவையே. ஆயினும் இலக்கணத்தை நூலோடு ஒப்பிடும்போதுதான் ஒரு வகையின் இயல்பு விளங்கும்.

பள்ளு இதற்குச் சான்றாகும். பன்னிரு பாட்டியல் உழத்திப்பாட்டு என்னும் வகையைப் பத்துப் பாடல்களில் அமைவதாகக் கூறுகின்றது. பள்ளு அதனின்று வளர்ந்தது என்பர். ஆனால் தாமிரபரணிக் கரையின் முக்கூடலைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை உடையது. அதில் மழை வருதல், ஆறு பெருகுதல், நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை ஆகியன விரிவாகக் கூறப்படுகின்றன. மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும்போது சைவ, வைணவப் பூசலும் நகைச்சுவையாக வெளிப்படுகின்றது. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் பகுதி, அக்காலப் பண்ணையடிமை வாழ்வைக் காட்டுகின்றது. பத்துப் பாடல் இலக்கணத்தை மட்டும் கற்றவருக்கு இவற்றுள் எதுவும் கிட்டாது.

இலக்கணமும் தன் காலச் சமூகத்தைக் காட்டக்கூடியது. கலம்பகம் தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 பாடல்கள் பெறும் என்பது பாட்டியல் மரபு. பாடல் எண்ணிக்கையிலேயே சமூகப் படிநிலை பதிவாகியுள்ளமையை இங்குக் காணலாம். உலாவில் ஐந்து வயதுடைய பேதையும் இடம்பெறுவது, வகுப்பறையில் விளக்கத்துடன் அணுகப்பட வேண்டிய செய்தியாகும்.

புலவரின் திறன் வெளிப்படும் இடங்களையும் வகையறிவு காட்டித்தரும். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில், குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைப்பதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாள வேண்டும். முதலில் நிலவும் குழந்தையும் ஒப்பெனக் கூறி, பிறகு வேறுபாடு காட்டி, வந்தால் பெறும் பயன் சொல்லி, வாராவிடின் தண்டனை உண்டென மிரட்டுதல் வேண்டும். இது பாடுவதற்கு அரிய பருவம் என்பதால் அம்புலியைப் புலி என்று புலவர் கூறுவதுண்டு. தாமே பாட முயன்றவருக்கு இவ்வருமை எளிதில் விளங்கியது. இன்றைய மாணவர் இரு நூல்களின் அம்புலிப் பாடல்களை அருகருகே வைத்துப் படிப்பதன் வாயிலாக இதனை உணரலாம்.

## பட்டியலுக்கு அப்பால்

96 என்னும் தொகையோடு தமிழின் இலக்கிய வகைகள் முடிந்துவிடவில்லை. இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் பிள்ளைத்தமிழ், அந்தாதி போன்ற மரபு வகைகளைப் பாடியதோடு, கிசா, மசலா, நாமா, முனாசாத்து, படைப்போர் ஆகிய வகைகளையும் தமிழுக்குக் கொணர்ந்தனர். வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். இலங்கையில் கதிரைமலைப் பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு, கத்தோலிக்கச் சார்புடைய ஞானப்பள்ளு ஆகியன தோன்றின. இவ்வாறு ஒரே வகையைப் பல சமயத்தாரும் பல நிலத்தாரும் எடுத்தாண்டுள்ளமையால், சிற்றிலக்கியம் ஒப்பாய்வுக்கு ஏற்ற களமாக விளங்குகின்றது.

## இவற்றையும் பார்க்க

* பாட்டியல்
* தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தங்கள்
* பிள்ளைத்தமிழ்
* முக்கூடற்பள்ளு
* மீனாட்சிசுந்தரம் பிள்ளை
* உ. வே. சாமிநாதையர்