நாலரைக் காசு செய்த வேலை



ஒரு நாட்டின் பொருளாதாரம் வளர அரசாங்கம் என்ன செய்ய முடியும்? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் விடியுமுன்னே கத்தியும் வாளியுமாகப் போன பால்மரக் காட்டிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

1950ஆம் ஆண்டை ஒட்டிய மலாயாவை நினைத்துப் பார்ப்போம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்குமேல் ரப்பரால் வந்தது. ஆனால் மரங்களோ கிழடாகிவிட்டன. பட்டை தேய்ந்து பால் குறைந்து போயிற்று. வெளியிலிருந்தும் ஒரு போட்டி வந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் கிடைக்காமல் தவித்த அமெரிக்கா, தொழிற்சாலைகளில் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியிருந்தது.

இதற்கு மருந்து கையிலேயே இருந்தது. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உயர்ரக மரங்களைத் தேர்ந்து வளர்த்து வந்தது. ஒட்டுக்கட்டிய அந்தக் கன்றுகள் பழைய மரங்களைவிட இரண்டு மூன்று மடங்கு பால் தரக்கூடியவை.

பின் ஏன் எல்லாரும் நடவில்லை? பழைய மரத்தை வெட்டினால் புது மரம் பாலுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். மூன்று நான்கு ஏக்கர் வைத்திருந்தவர் அதுவரை குடும்பத்துக்கு எப்படிச் சோறு போடுவார்?

இங்கேதான் அரசாங்கம் குறுக்கிட்டது. 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு பிடிக்கப்பட்டு நிதியில் சேர்ந்தது. பழைய மரத்தை அழித்துப் புதுக் கன்று நட்டவருக்கு அந்தப் பணம் உதவியாகத் திரும்பியது. சிறு தோட்டக்காரர்களுக்கு, வேலையைப் பார்வையிட்டுத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். தனி ஒருவரால் ஆகாத காரியம், பலருடைய சிறு காசு சேர்ந்ததால் ஆயிற்று. 1960, 1970ஆம் ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடாக மலேசியா விளங்கியதற்கு இந்த மறுநடவு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த நிதி மரத்துக்கு உடையவருக்கு உரியது. பால் வெட்டியவருக்கு மரமும் சொந்தமில்லை, குடியிருந்த லயமும் சொந்தமில்லை. அதே 1950ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. மரத்துக்கு இருந்த நிதி மனிதருக்கு இல்லை.

அப்போது நம்மவர்கள் கைகட்டி நிற்கவில்லை. அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். நாலரைக் காசு சொன்ன பாடத்தையே பத்து வெள்ளியும் சொன்னது: சிறு துளிதான் பெருவெள்ளம்.

வளர்ச்சிக்கு வழி திறப்பது அரசாங்கத்தின் கடமை. அந்த வழியில் உழைத்தவரும் நடந்து வருகிறாரா என்று பார்ப்பதும் அதன் கடமையே. அதை நினைவூட்டுவது நம் கடமை. மறுநடவைக் கண்ணால் கண்ட பெரியவர் நம் வீட்டில் இருந்தால், இன்றிரவே அவரிடம் அந்தக் கதையைக் கேட்போம்.