அக்ரான் புரோஸ், 1920: வாக்கெடுப்பில் உறுதியான வாகையர் பட்டம்

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் அமெரிக்கக் கால்பந்தின் இன்றைய தேசிய லீக், 1920 செப்டம்பர் 17 அன்று, ஓஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ரால்ஃப் ஹே நடத்திவந்த கார் விற்பனைக் கூடத்தில், ‘அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம்’ என்னும் பெயரோடு உருப்பெற்றது. இருக்கைகள் போதாமல் வந்தவர்களுள் சிலர் கார்களின் பக்கப்படிகளில் அமர நேர்ந்த அக்கூட்டம், ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப்பைத் தலைவராக்கியது. ஓர் அணியின் ஆட்டக்காரரை மற்றோர் அணி ஆசைகாட்டி இழுக்கலாகாது என்றும் அணிகள் உடன்பட்டிருந்தன. ஆனால், பொதுவான ஆட்ட அட்டவணையோ இறுதியாட்டமோ சங்கத்தின் ஏற்பாட்டில் இல்லை. ஒவ்வோர் அணியும் தானே எதிரணியைத் தேடிக்கொண்டது. சங்கத்தைச் சேராத அணிகளோடும் ஆடியது. ஆகவே வாகையர் யார் என்பதை முடிவுசெய்யும் வழி எதுவும் வகுக்கப்படாமலேயே முதல் பருவம் தொடங்கியது.

ரப்பர், டயர்த் தொழிற்சாலைகளால் வளர்ந்த அக்ரான் நகரில், நலிந்துபோயிருந்த ‘இந்தியன்ஸ்’ அணியின் இடத்தில் ஃபிராங்க் நீட், ஆர்ட் ரேனி ஆகிய இருவரும் ‘புரோஸ்’ அணியை நிறுவினர். எல்ஜி டோபின் பயிற்றுவித்த அவ்வணி, அப்பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களுள் எட்டில் வென்றது, மூன்றில் சமன் செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. அது எடுத்த புள்ளிகள் 151. விட்டுக்கொடுத்தவை வெறும் ஏழு. அந்த ஏழும் கிளீவ்லாந்து டைகர்ஸ் அணியுடன் 7-7 என முடிந்த ஒரே ஆட்டத்தில் போனவை. ஏனைய பத்து ஆட்டங்களிலும் எதிரணியால் ஒரு புள்ளிகூட எடுக்க இயலவில்லை. முன்னோக்கி எறிபவர் ஆட்டக்கோட்டிலிருந்து ஐந்து கெஜமாவது பின்னால் நின்றே எறியவேண்டும் என்ற விதி தாக்குதலை முடக்கிய காலம் அது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இத்தகைய தற்காப்பு வியப்புக்குரியதே. தோர்ப்பின் கேன்டன் புல்டாக்ஸ் அணியை அக்டோபர் 31 அன்று 10-0 என்றும், நன்றி நவிலல் நாளில் 7-0 என்றும் அக்ரான் வென்றதே அதன் புகழுக்கு அடித்தளமாயிற்று.

தாக்குதலின் உயிர்நாடியாக விளங்கியவர், பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர். சொந்த நகரத்து ரசிகர்களின் வசவுகளுக்கு அஞ்சி, நீட்டின் சுருட்டுக் கூடத்தில் ஆட்ட உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குச் செல்ல நேர்ந்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தரையில் வீழ்த்தப்பட்டபின் எதிரணியினர் மேலே குவிந்து காயப்படுத்துவதைத் தடுக்க, உடனே மல்லாந்து புரண்டு, ஆணி பதித்த காலணிகளை மேல்நோக்கி நீட்டிக்கொள்வது அவர் கைக்கொண்ட உத்தி. 1921இல் அவ்வணியின் பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்ற அவருக்குத் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2005இல்தான். இத்தாமதம் அக்ரானின் வெற்றியை வரலாறு எவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தது என்பதற்கும் சான்றாகும்.

பட்டத்துக்கான உண்மையான போட்டி டிசம்பரில் நிகழ்ந்தது. 4ஆம் தேதி நியூயார்க்கில் கேன்டனை வென்ற பஃபலோ ஆல்-அமெரிக்கன்ஸ், மறுநாளே தன் ஊரில் அக்ரானைச் சந்தித்து 0-0 எனச் சமன் செய்தது. இவ்வாட்டத்தையொட்டி, அக்ரான் தன் வீரர் பாப் நாஷை 300 டாலருக்கும் நுழைவுக்கட்டண வசூலில் ஐந்து விழுக்காட்டுக்கும் பஃபலோவிடம் விற்றது. லீக் வரலாற்றில் பதிவான முதல் வீரர் விற்பனை இதுவே. 12ஆம் தேதி, சிகாகோவின் கப்ஸ் பார்க்கில் சுமார் 12,000 பேர் முன்னிலையில், ஜார்ஜ் ஹாலஸின் டிகேடர் ஸ்டேலிஸ் அணி அக்ரானை எதிர்கொண்டது. வென்றேயாக வேண்டிய நிலையில் இருந்த ஸ்டேலிஸ், கார்டினல்ஸ் அணியின் பேடி டிரிஸ்கலை அந்த ஓர் ஆட்டத்துக்காக இரவல் பெற்றது. ஆட்டக்காரரை இழுக்கலாகாது என்ற உடன்பாட்டின் நோக்கமே இதனால் பொய்த்துப்போயிற்று என்று கூறுவது மிகையன்று. ஆயினும் அவ்வாட்டமும் 0-0 என்றே முடிந்தது.

பஃபலோ, ஸ்டேலிஸ் ஆகிய இரண்டு அணிகளும் பட்டத்துக்கு உரிமை கோரின. ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன் என்பது பஃபலோவின் கணக்கு. பத்து வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமன் என்பது ஸ்டேலிஸின் கணக்கு. எண்ணிக்கையில் இரண்டும் அக்ரானைவிட மிகுதியாக வென்றிருந்தன. 1921 ஏப்ரல் 30 அன்று அக்ரானிலேயே கூடி, ஜோ காரைப் புதிய தலைவராகத் தேர்ந்த கூட்டத்தில், உறுப்பினர்கள் வாக்களித்துப் பட்டத்தை அக்ரானுக்கு வழங்கினர். சமன்களை விலக்கி வெற்றி விகிதம் காணும் முறையில் தோல்வியே அறியாத அக்ரானின் விகிதம் முழுமையாக நின்றது. பிந்தைய ஆண்டுகளில் லீக் பின்பற்றியதும் இம்முறையையே. இதன்படி, தோற்காத அணிக்குச் சமன் எவ்விதத் தீங்கும் செய்யாது. கடைசி இரு ஆட்டங்களில் அக்ரானுக்குப் புள்ளி எடுக்கவேண்டிய கட்டாயமே இருக்கவில்லை.

பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்த பிரன்ஸ்விக்-பால்க்-கொலண்டர் நிறுவனம் அளித்த வெள்ளிக்கோப்பை, மூன்று முறை வெல்லும் அணிக்கே நிலையாக உரியதாகும் என்ற நிபந்தனையோடு அக்ரானுக்குத் தரப்பட்டது. அதன்பின் எந்த அணிக்கும் அது வழங்கப்படவில்லை, நாளடைவில் தொலைந்தும்போயிற்று. அந்த வாக்கெடுப்பையே மறந்த லீக், 1920ஆம் ஆண்டின் பட்டம் முடிவுறாதது எனத் தன் ஏடுகளில் நெடுங்காலம் அச்சிட்டு, 1970களில்தான் அதைத் திருத்திக்கொண்டது. 1972 முதல் சமன் ஒன்று பாதி வெற்றியாகவும் பாதித் தோல்வியாகவும் கணக்கிடப்படுகிறது. அவ்விதியை 1920க்குப் பொருத்தினால், அக்ரான், பஃபலோ ஆகிய இரண்டுமே 11 ஆட்டங்களில் ஒன்பதரை வெற்றிகளோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும்.