காலராக் கிருமியின் வீடும் பழைய சேலையும்

இனிய நீரும் உவர் நீரும் சந்திப்பதைப் பற்றித் திருக்குர்ஆன் (25:53) பேசுகிறது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தை நாம் கழிமுகம் என்கிறோம். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கடலில் சேரும் வங்காளக் கழிமுகம் மீனும் இறாலுமாகக் கோடிக்கணக்கான மக்களுக்கு ரிஸ்க் அளிக்கிறது. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய காலராவின் பழைய இருப்பிடமும் அதுதான்.

கிருமி எங்கே தங்குகிறது?

1884இல் கல்கத்தாவில் ஆய்வு செய்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக், காலராவுக்குக் காரணம் 'விப்ரியோ காலரே' என்னும் வளைந்த பாக்டீரியா என்று அறிவித்தார். நோயாளியின் மலம் நீரில் கலக்கிறது, அந்த நீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்பது தெளிவானது. ஆனால் நோயாளி ஒருவர்கூட இல்லாத மாதங்களில் கிருமி எங்கே இருக்கிறது?

அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல், கொள்ளைநோயே இல்லாத செசபீக் விரிகுடாவிலும் 1970களில் இக்கிருமியைக் கண்டார். பின்னர் அவரும் வங்கதேசத்தைச் சேர்ந்த அன்வர் ஹக்கும் 1983இல் விடையை வெளியிட்டனர். 'கோபிபாட்' என்ற நுண்ணிய மிதவை உயிரியின் உடலில் இக்கிருமி ஒட்டி வாழ்கிறது. கோபிபாட் இறாலின் உறவினம். அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதன் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. அந்தக் கைட்டினைக் கரைத்து உண்ணும் நொதி இக்கிருமியிடம் உண்டு. ஆக, கோபிபாட் அதற்கு வீடு, உணவு இரண்டுமே.

நீர் வெப்பமடைந்து பாசி பெருகினால், அதை உண்ணும் கோபிபாட்களும் பெருகும். கிருமியும் உடன் பெருகும். ஒரே கோபிபாட்டில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். எனவே இயற்கை நீரிலிருந்து காலராவை அடியோடு ஒழிக்க இயலாது. நீருக்கும் நம் வாய்க்கும் இடையில்தான் அதைத் தடுக்க வேண்டும்.

நான்கு மடிப்புத் துணி

கிருமி தனியாக இருந்தால் துணியில் நிற்காது. கோபிபாட்டோடு ஒட்டியிருந்தால் நின்றுவிடும். பலமுறை துவைத்த பருத்திச் சேலையை நான்காக மடித்தால், அதன் துளைகள் சுமார் 20 மைக்ரோமீட்டராகச் சுருங்குகின்றன. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில், சுமார் 1,33,000 பேரிடையே இம்முறை மூன்று ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. 2003இல் வெளியான முடிவின்படி, சேலையில் வடிகட்டிய குடும்பங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 31 சதவீதப் பெண்கள் வடிகட்டுவதைத் தொடர்ந்திருந்தனர். அவர்களைச் சுற்றி வாழ்ந்த, வடிகட்டாத குடும்பங்களிலும் நோய் குறைந்திருந்தது. ஒரு வீட்டின் சுத்தம் பக்கத்து வீட்டுக்கும் பாதுகாப்பாகிறது. அண்டை வீட்டாரின் ஹக்கை நிறைவேற்ற இதுவும் ஒரு வழியல்லவா?

நம் கவனத்திற்கு

துணி வடிகட்டி ஏழைகளின் கைக்கு எட்டிய தடுப்பு மட்டுமே. முழுப் பாதுகாப்பு அல்ல. வைரஸ்களையும் தனித்து மிதக்கும் கிருமிகளையும் அது தடுக்காது. கொதிக்க வைத்த நீரே சிறந்தது. வடிகட்டிய துணியை அலசி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்கி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாமதம் உயிரைப் பறிக்கும்.

பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நீரைக் காப்பது நமக்குப் புதிய பாடமல்ல. அதை நம் வீடுகளில் நடைமுறைப்படுத்த வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!